கட்டுநாயக்காவில இறங்கி கொழும்புக்குள்ள வாறது எப்பிடி

முதல் ஒண்டு சொல்லிடுறன், கொழும்பு எயார்போர்ட் கொழும்பில இல்ல. டிக்கெட்டில கொழும்பு எண்டு தான் போட்டிருக்கும், ஆனா நீங்க வந்து இறங்கிறது கட்டுநாயக்காவில, அது கம்பஹா மாவட்டம், கிட்ட இருக்கிற பெரிய டவுண் நீர்கொழும்பு. அங்க இருந்து கொழும்பு கோட்டைக்கு 30, 35 கிலோமீட்டர் வரும். போர்டில பண்டாரநாயக்க சர்வதேச விமான நிலையம் எண்டு பெரிசா எழுதியிருக்கும், ஆனா சனம் கட்டுநாயக்கா எண்டு தான் சொல்லும், நீங்களும் அப்பிடியே சொல்லுங்கோ.

இந்த 35 கிலோமீட்டரைப் பத்தித் தான் எல்லாரும் பயப்பிடுறது. உண்மையில அதில பெரிய பங்கு அரை மணித்தியாலத்தில ஓடி முடிஞ்சிடும், 2013இல திறந்த ஹைவே இருக்கு. நேரமும் காசும் போறது ஹைவே முடிஞ்சு பேலியகொடயில இறங்கின பிறகு தான். அதால எதில போறது எண்டு யோசிக்க முதல் கொழும்பில எந்த மூலைக்குப் போறீங்க எண்டதை முடிவெடுங்கோ. கொட்டாஞ்சேனைக்குப் போறவருக்கும் வெள்ளவத்தைக்குப் போறவருக்கும் வத்தளைக்குப் போறவருக்கும் ஒரே பதில் சரிவராது, "கொழும்புக்கு எதில போறது நல்லது" எண்டு கேட்டா ஆளுக்கொரு பதில் வாறதும் இதால தான்.

வெளிக்கிட முதலே செய்ய வேண்டியது

போற இடத்தின்ர அட்ரஸை கொழும்பு நம்பரோட எழுதி வைச்சுக்கொள்ளுங்கோ. கோட்டை 01, கொள்ளுப்பிட்டி 03, பம்பலப்பிட்டி 04, வெள்ளவத்தை 06, புறக்கோட்டை 11, கொட்டாஞ்சேனை 13. இந்த நம்பர் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டா, ஸ்டேஷன் ரோட் எண்டு போட்டா வெள்ளவத்தையிலயும் ஒண்டு இருக்கு, பம்பலப்பிட்டியிலயும் ஒண்டு இருக்கு, தெஹிவளையிலயும் ஒண்டு இருக்கு, டக்ஸி அப் எதைக் காட்டுதோ ட்ரைவர் அங்க கொண்டுபோய் இறக்கிவிட்டுட்டுப் போயிடுவார். லொட்ஜ்காரரின்ர போன் நம்பரும் கையில இருக்கட்டும். வெள்ளவத்தை லேனுகளுக்குள்ள கடைசி நூறு மீட்டரை போனில கேட்டுத் தான் கண்டுபிடிக்கோணும்.

போனில பிக்மீ, ஊபர் ரெண்டையும் ஊரிலயே இறக்கி, ரெஜிஸ்டர் பண்ணி, ஓடிபி எல்லாம் வந்து முடிஞ்சபிறகு வாங்கோ. பிக்மீ எண்டது எங்கட நாட்டு அப், ஓட்டோவில இருந்து வான் வரைக்கும் எல்லாம் அதில பிடிக்கலாம். இங்க வந்து இறங்கி, பழைய சிம்மைக் கழட்டிப் புதுசு போட்டாப் பிறகு ஓடிபி பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தா பெரிய கரைச்சல்.

வெளிநாட்டுப் பாஸ்போர்ட் எண்டா ஈடிஏ, அதாவது ஒன்லைனில எடுக்கிற நுழைவு அனுமதி, அந்த அலுவலையும் முதலே முடிச்சிடுங்கோ. அரசாங்கத்தின்ர சைட்டில மட்டும் போடுங்கோ, அதே மாதிரி இருக்கிற இடைத்தரகர் சைட்டுகள் கூடக் காசு எடுக்கும்.

உள்ளுக்க

இமிக்ரேஷன் முடிச்சு வந்தோடன டியூட்டி ப்ரீ வரும். வேற நாடுகளில செண்ட் போத்தலும் சொக்லட்டும் தான் பாத்திருப்பீங்க, இங்க வோஷிங் மெஷின், ப்ரிட்ஜ், டிவி எல்லாம் அடுக்கி வைச்சிருப்பாங்கள். மிடில் ஈஸ்ட்டில வேலை செய்திட்டு வாறாக்கள் வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போறதுக்கு. முதல்தரம் வாறவைக்கு அது ஒரு புதினம் தான், கடைக்காரர் கூப்பிடுவாங்கள், சிரிச்சிட்டு நடவுங்கோ.

பெட்டி எடுத்து கஸ்டம்ஸ் தாண்டினாப் பிறகு ரெண்டு வேலை: காசு, சிம்.

காசு மாத்துறதுக்கு பாங்க் கவுண்டர்கள் வரிசையா இருக்கு. ரேட்டை போர்டில போட்டிருக்கும், ஒண்டுக்கு ஒண்டு பெரிய வித்தியாசம் வராது, ஆனாலும் ரெண்டு மூண்டைப் பாத்திட்டு மாத்துங்கோ. எல்லாத்தையும் அங்கயே மாத்தத் தேவையில்ல, முதல் ரெண்டு நாளுக்குக் காணும் அளவு போதும். முக்கியமா, கவுண்டரில 5000 ரூபா தாளாத் தருவாங்கள், கொஞ்சத்தை 500, 100ஆக் கேட்டு வாங்குங்கோ. பஸ்ஸில 5000ஐ நீட்டினா கொண்டக்டர் உங்களையும் பாப்பார் தாளையும் பாப்பார், ஓட்டோக்காரர் "மாத்தின காசு இல்ல" எண்டிடுவார், அது சிலநேரம் உண்மை, சிலநேரம் மிச்சத்தை விட்டிட்டுப் போகச் சொல்ற வழி.

சிம் டயலொக், மொபிடெல், ஹட்ச் எல்லாத்தின்ர கவுண்டரும் கிட்டக்கிட்ட இருக்கும். பாஸ்போர்ட் குடுக்கோணும், அவையே போட்டு அக்டிவேட் பண்ணித் தருவினம். டேட்டா வேலை செய்யுதோ எண்டு அங்கயே நிண்டு பாத்திட்டு நகருங்கோ.

டக்ஸி, அதாவது கனபேர் செய்யிறது

பெட்டி ரெண்டுக்கு மேல, பிள்ளையள், வயசு போனாக்கள் இருந்தா வேற யோசினை வேண்டாம், கார் தான். இதில மூண்டு வழி இருக்கு.

உள்ளுக்க இருக்கிற டக்ஸி கவுண்டர் ஒண்டு. இடத்தைச் சொன்னா விலை சொல்லுவாங்கள், காசு கட்டினா ரிசீட் தருவாங்கள், ஒராள் வந்து கூட்டிக்கொண்டு போவார். அப்பில காட்டிற விலையை விடக் கூட வரும், ஆனா இரவு ரெண்டு மணிக்கு நித்திரை தூங்கி வந்து நிக்கிற ஆளுக்கு அந்த மேலதிகக் காசு பெரிசில்ல எண்டு தான் நான் சொல்லுவன். காசு கட்ட முதல் ஒரேயொரு கேள்வி கேளுங்கோ, "ஹைவே காசும் இதுக்குள்ளயோ?" எண்டு. ஹைவேயில இறங்கேக்க டோல் கட்டோணும், கேக்காமல் ஏறினா கேட்டடியில ட்ரைவர் திரும்பிப் பாப்பார்.

ரெண்டாவது அப். ஒரு ஆளோ ரெண்டு ஆளோ எண்டா நான் எப்பவும் இதைத் தான் சொல்றது. புக் பண்ணினோடன ட்ரைவர் கோல் எடுப்பார், இது இங்கத்தைய வழக்கம், அப்பிலயே எல்லாம் இருந்தாலும் கோல் வரும். எங்க நிக்கிறீங்க, எங்க போறீங்க, காஷா கார்டா, இந்த மூண்டும் தான் கேப்பார். கார்ட் எண்டா சிலர் கான்சல் பண்ணச் சொல்லுவினம், அப்பிடிச் சொன்னா வாக்குவாதம் வேண்டாம், அடுத்த ஆளைப் பிடியுங்கோ, இல்லாட்டி முதலே காஷ் எண்டு போட்டிடுங்கோ. கான்சல் பண்ணிட்டு அப்பில்லாமல் வாறன் எண்டு சொல்றவரோட ஏறாதேங்கோ, விலையில இருந்து ரூட் வரைக்கும் எந்தப் பதிவும் இருக்காது. எந்த வாசலுக்கு வரச்சொல்றார் எண்டதை மட்டும் வடிவாக் கேளுங்கோ, சிங்களம் தெரியாட்டி பக்கத்தில நிக்கிற செக்யூரிட்டிட்ட போனைக் குடுத்தா அவர் கதைச்சு வழி காட்டுவார், இதை அங்க ஆரும் வித்தியாசமா எடுக்கிறதில்ல. நம்பர் பிளேட் சரியோ எண்டு பாத்து ஏறுங்கோ.

ஏறினாப் பிறகு "ஹைவே எக்கென் யமுத?" எண்டு கேட்டா, ஹைவேயால போவமோ எண்டு அர்த்தம். ஓம் எண்டு தலையாட்டுங்கோ. டோலுக்கு யோசிச்சு நீர்கொழும்பு ரோட்டால போனா சீதுவை, ஜா-எல, கந்தானை, வத்தளை எண்டு ஒவ்வொரு சந்தியிலயும் நிண்டு நிண்டு வரோணும், மிச்சம் பிடிச்சது ஒண்டும் இருக்காது.

மூண்டாவது, வாசலடியில "சேர் டக்ஸி, மேடம் டக்ஸி" எண்டு பின்னால வாறாக்கள். எல்லாரும் கள்ளர் இல்ல, ஆனா விலை உங்கட முகத்தையும் பெட்டியின்ர அளவையும் பாத்துத் தான் வரும். அப்பில ஒருக்கா விலையைப் பாத்து வைச்சிட்டுப் பேசினா குறையும். பேச விருப்பமில்லாட்டி நிக்காமல் நடவுங்கோ.

ஓட்டோ பிடிக்கலாமோ எண்டு கேக்கிறாக்கள் கனபேர். ஓட்டோவும் மோட்டர்சைக்கிளும் ஹைவேயில ஏற விடமாட்டாங்கள், அதால ஓட்டோ எண்டா முழுத்தூரமும் பழைய ரோட்டால தான், புகையைக் குடிச்சுக்கொண்டு ஒண்டரை மணித்தியாலம், காரோட பாத்தா பெரிய லாபமும் இல்ல. நீர்கொழும்பு, சீதுவை, கட்டுநாயக்கா டவுண் பக்கம் எங்கயாவது தங்கிறீங்க எண்டா ஓட்டோ அருமையான விஷயம், கொழும்புக்கு வேண்டாம்.

பஸ்ஸில வாறாக்களுக்கு

நம்பர் 187. இதை மட்டும் ஞாபகம் வைச்சாக் காணும், ஆனா 187இல ரெண்டு வகை இருக்கு, குழப்பம் வாறதே அங்க தான்.

ஒண்டு ஹைவேயால போறது, ஏசி போட்ட சின்ன பஸ், இடையில நிக்காது, கட்டுநாயக்காவில ஏறினா புறக்கோட்டையில தான் இறக்கும். ட்ரபிக் இல்லாட்டி முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். காசு டக்ஸியோட ஒப்பிடவே ஏலாது, சில நூறு ரூபாவோட அலுவல் முடிஞ்சிடும். மற்றது பழைய ரோட்டால ஆக்களை ஏத்தி இறக்கிப் போறது, இன்னும் மலிவு, ரெண்டு மணித்தியாலம் எடுத்தாலும் ஆச்சரியமில்ல. ஏற முதல் கொண்டக்டரிட்ட "ஹைவேயா?" எண்டு ஒரு சொல் கேட்டாப் போதும், அந்தச் சொல் எல்லாப் பாஷையிலயும் ஒண்டு தான்.

இப்ப வத்தளை, ஹெந்தளைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போறாக்கள் கவனியுங்கோ. நீங்க ஹைவே பஸ்ஸில ஏறவே கூடாது. ஹைவே முடியிற பேலியகொட வத்தளைக்கு அங்கால, பஸ்ஸோ அதையும் தாண்டிப் புறக்கோட்டையில தான் கதவைத் திறக்கும், பிறகு களனி ஆத்தைக் கடந்து வந்த வழியே திரும்பி வரோணும். உங்களுக்கு பழைய ரோட் பஸ் தான் வாசலடியில இறக்கிற பஸ். நீர்கொழும்பில இருந்து வாற 240உம் அதே ரோட்டால தான் போகும்.

பஸ் எங்க நிக்குது எண்டது தான் இழுபறி. ஒருகாலத்தில டெர்மினல் வாசலுக்குக் கிட்டயே நிண்டுது, பிறகு எவரிவத்தை பஸ் ஸ்டாண்டுக்குப் போச்சு, இது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கு. அதால வெளிய வந்தோடன யூனிபோர்ம் போட்ட ஆரிட்டயாவது 187 எங்க எண்டு கேளுங்கோ. டக்ஸிக்காரரிட்டக் கேக்காதேங்கோ, "இண்டைக்கு பஸ் இல்ல" எண்ட பதில் அவையின்ர வாயில எப்பவும் தயாரா இருக்கும். எவரிவத்தைக்குப் போகச் சொன்னா, அது எயார்போர்ட்டில இருந்து ரெண்டு கிலோமீட்டருக்குள்ள தான், ஆனா பெட்டியோட வெயிலுக்க நடக்கிற தூரமில்ல, ஒரு ஓட்டோ பிடியுங்கோ. விலையைப் பேசிட்டு ஏறுங்கோ.

எவரிவத்தையைப் பத்தி இன்னொரு விஷயம். பக்கத்தில தான் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயம், 1978இல இருந்து இருக்கு, நாட்டில முதல் முதல் வந்தது அது தான், கூடுதலாக் கார்மெண்ட் பக்டரி. பின்னேரம் ஷிப்ட் விட்டா ஸ்டாண்டில கால் வைக்க இடமிருக்காது, பழைய ரோட் பஸ் எல்லாம் பொங்கி வழியும். அந்த நேரம் லக்கேஜோட போய் நிக்கிறது உங்களுக்கும் கஷ்டம், எட்டு மணித்தியாலம் நிண்டு வேலை செய்திட்டு வாற பிள்ளையளுக்கும் கஷ்டம். வேற வழி இருந்தா அதைப் பாருங்கோ.

சின்ன பஸ்ஸில லக்கேஜுக்கெண்டு பெரிசா இடமில்ல. பெரிய பெட்டியை சீட்டில வைச்சா அந்த சீட்டுக்கும் காசு கேப்பாங்கள், அது நியாயமான காசு தான், முறைச்சுக்கொண்டு நிக்காமல் குடுத்திடுங்கோ. பஸ் நிரம்பினாத் தான் வெளிக்கிடும், அதால ஏறி இருந்தோடன ஓடும் எண்டு நினைக்காதேங்கோ.

புறக்கோட்டையில இறங்கினாப் பிறகு

இறங்கின இடத்தில இருந்து கோட்டை ரயில்வே ஸ்டேஷன் கிட்ட, நடக்கலாம். ஆனா புறக்கோட்டை எண்டது புறக்கோட்டை தான், நடைபாதைக் கடை, மூட்டை தூக்கிற நாட்டாமைமார் தள்ளிக்கொண்டு வாற வண்டில், ஹோர்ன், லொத்தர் சீட்டு விக்கிற ஸ்பீக்கர், எல்லாம் ஒண்டா வரும். பாக்கை முன்னுக்குப் போட்டுக்கொண்டு ஒரு ஓரமா நிண்டு மூச்சு விடுங்கோ. ஓட்டோக்காரர் ரெண்டு பேர் உடன வருவினம். அப்பைத் திறந்து பிக்மீ ஓட்டோ ஒண்டைக் கூப்பிட்டா விலைப்பிரச்சினை இல்ல.

வெள்ளவத்தை எண்டா இங்க இருந்து எட்டொம்பது கிலோமீட்டர். காலி வீதியால போற 100, 101 பஸ் ரெண்டும் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை எல்லாம் தாண்டித் தான் போகும், 100 பாணந்துறைக்கு, 101 மொரட்டுவைக்கு. போர்டில தமிழிலயும் எழுதியிருக்கும், ஆனா எழுத்து சின்னன், பஸ் நிக்கிறதும் ஒரு செக்கன், நம்பரைப் பாத்து ஏறுறது தான் சுகம். லக்கேஜ் குறைவு எண்டா இதைவிட நல்லது கரையோரக் கோச்சி, அதாவது ரயில், கோட்டையில ஏறினா கடலைப் பாத்துக்கொண்டு கொஞ்ச நேரத்தில வெள்ளவத்தை ஸ்டேஷன். ஓபிஸ் நேரத்தில மட்டும் அந்தப் பக்கமே போகாதேங்கோ.

கோச்சியெண்டதும் ஞாபகம் வருது, எயார்போர்ட்டுக்குக் கிட்டயும் ஒரு ஸ்டேஷன் இருக்கு, புத்தளம் லைனில. அங்க இருந்தே கோச்சி எடுக்கலாமே எண்டு மப்பைப் பாத்திட்டுக் கேப்பீங்க. எடுக்கலாம், உலகத்திலயே மலிவான எயார்போர்ட் பயணம் எண்டு கூடச் சொல்லலாம், ஆனா கோச்சி குறைவு, காலமையும் பின்னேரமும் வாறது வேலைக்குப் போறாக்களோட கதவில தொங்கிக்கொண்டு வரும். தோளில ஒரு பாக், கையில நேரம், இந்த ரெண்டும் இருக்கிற ஆளுக்கு மட்டும்.

கார்க்காரருக்கு பேலியகொடக்கு இங்கால

ஹைவே 25.8 கிலோமீட்டர். முத்துராஜவெல சதுப்பு நிலத்துக்குள்ளால போகுது, ரெண்டு பக்கமும் தண்ணியும் பச்சையும், கொக்கு நிக்கும், நல்ல வடிவு. அதை ரசிச்சு முடிக்க முதல் பேலியகொட வந்திடும், களனி ஆத்துக்கு மேலால புதுசாக் கட்டின கல்யாணிப் பாலம், 2021இல திறந்தது, அதுக்குப் பிறகு பேஸ்லைன் ரோட் பக்கம் போறது முந்தியை விடப் பரவாயில்ல.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, செட்டியார் தெருப் பக்கம் போறாக்கள் அதிர்ஷ்டசாலிகள், பாலம் தாண்டினாக் கிட்ட. ஆனா துறைமுகத்துக்குப் போற கொண்டெய்னர் லொறிகளும் அதே பக்கம் தான், இங்குருகடைச் சந்தியில அதுகளுக்குப் பின்னால மாட்டினா கிட்ட எண்டது பேருக்குத் தான்.

வெள்ளவத்தைக்காரருக்கு ரெண்டு வழி. பேஸ்லைன் ரோட்டால தெமட்டகொட, பொரளை, நாரஹேன்பிட்டி, கிருலப்பனை எண்டு வந்து, ஹவ்லொக் ரோட்டைக் கடந்து டபிள்யூ ஏ சில்வா மாவத்தையால உள்ளுக்க வாறது ஒண்டு. கோட்டைக்குள்ளால வந்து காலிமுகத்திடல், பிறகு கொள்ளுப்பிட்டியில மரைன் டிரைவுக்கு இறங்கிக் கடற்கரையோரமா வாறது மற்றது. எது கெதி எண்டு ட்ரைவருக்கும் தெரியாது, மப் காட்டிறதை விடுங்கோ. காலமை ஏழில இருந்து ஒன்பது வரைக்கும், பின்னேரம் நாலரையில இருந்து ஏழு வரைக்கும் ரெண்டும் அடைபட்டுத் தான் கிடக்கும், பள்ளிக்கூடம் விடுற ஒண்டரை மணியையும் கணக்கில எடுங்கோ. அந்த நேரங்களில ஹைவேயில அரை மணித்தியாலம், ஊருக்குள்ள ஒண்டேகால் மணித்தியாலம் எண்டு மனசைத் தயார்படுத்திட்டு வந்தாக் கோவம் வராது. மழை பெய்தா அதுக்கும் மேல.

இரவு ப்ளைட் இதில நல்லம். பன்னிரண்டு மணிக்கு மேல ரோட் வெறிச்செண்டு கிடக்கும், வெள்ளவத்தைக்கே ஒரு மணித்தியாலத்துக்குள்ள வந்திடலாம். பிரச்சினை என்னெண்டா அந்த நேரம் பஸ்ஸை நம்பேலாது, லொட்ஜ் கேட்டும் பூட்டியிருக்கும். எத்தனை மணிக்கு வாறது எண்டு முதலே சொல்லி வையுங்கோ. தனிய வாற பிள்ளையள் விடியும் வரைக்கும் உள்ளுக்கேயே இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வெளிக்கிடுறதும் நல்ல யோசினை தான், இல்லாட்டி அண்டைக்கு நீர்கொழும்பில ஒரு ரூம் போட்டிட்டு ஆறுதலாக் காலமை வரலாம்.

சொந்தக்காரர் வான் பிடிச்சுக் கூட்ட வருவினம் எண்டா மேல எழுதின ஒண்டும் தேவையில்ல. ஒராள் வந்து இறங்க பதினாலு பேர் கேடிஎச் வானில வந்து நிக்கிறது எங்கட ஆக்களின்ர வழக்கம். திரும்பேக்க உங்களுக்கும் பெட்டிக்கும் இடமிருக்குமோ எண்டு மட்டும் முதலே கேட்டு வையுங்கோ.

அண்டைக்கே யாழ்ப்பாணம் போறாக்கள்

கொழும்புக்குள்ள வந்து தான் போகோணும் எண்டில்ல. புத்தளம் ரோட்டால போற யாழ்ப்பாண பஸ்ஸுகள் கட்டுநாயக்கா, நீர்கொழும்புப் பக்கத்தால தான் போகும், சீட் புக் பண்ணேக்க எங்க வந்து ஏறலாம் எண்டு பஸ்காரரிட்டக் கேளுங்கோ, இடத்தையும் நேரத்தையும் சொல்லுவினம். ப்ளைட் பிந்தினா பஸ் நிக்காது, அதால இடையில மூண்டு நாலு மணித்தியாலம் விட்டுப் புக் பண்ணுங்கோ. பகல் இறங்கினா வெள்ளவத்தைக்கு வந்து குளிச்சு சாப்பிட்டு, இரவு அங்க இருந்தே வெளிக்கிடுற பஸ்ஸில ஏறுறது உடம்புக்கு நல்லம். சென்னையில இருந்து வாறாக்கள், கொழும்பில ஒரு அலுவலும் இல்லையெண்டா, 2019இல சர்வதேச விமான நிலையமாத் திறந்த யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு நேர ப்ளைட் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ, சின்னப் ப்ளேன், எத்தனை கிலோ விடுவாங்கள் எண்டு பாத்திட்டு டிக்கெட் போடுங்கோ.